பல்லைப் பார்த்து வாங்கிய பியானோ

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே அத்தானின் முதுகுவலியும் உன் கோபமும் கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் வாயின் அச்சு உடையாமல் வந்து சேர்ந்தது. பஞ்சு, செய்தித்தாள், அத்தானின் சட்டைக் கை என்று மூன்று சுற்று சுற்றி அனுப்பியிருக்கிறாய். அவர் கழற்றிய பிறகுதான் சட்டையை வெட்டினாயா என்று எழுது. எங்கள் லேபில் அச்சு வார்ப்பவனை எல்லோரும் பிளாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருங்க இவங்க? அச்சுல கூட வாயை மூடலையே" என்றான். "என் அக்காடா. பஸ் நிலையத்துல மைக்ல பேசறவங்க" என்றேன். "அதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இருபத்தெட்டு வருஷமாக ஊரார் வாய்க்கெல்லாம் பொய்ப்பல் கட்டுகிறேன். சொந்த அக்காவுக்குக் கட்டும் யோகம் இப்போதுதான் வந்திருக்கிறது. அதற்கு நீ அறிவிப்பு அறையில், சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே வழுக்கிப்போய், மேசை விளிம்புக்கு முன்பல் நான்கையும் காணிக்கை செலுத்த வேண்டியிருந்தது. உங்கள் ஊர் டாக்டர் வைத்துவிட்ட தற்காலிகப் பல் விசில் அடிக்கிறதாம். அதனால் புதுப் பல் வரும்வரை யாரோடும் போனில் பேசமாட்டாயாம், கடிதம்தானாம். அத்தான் சொன்னார். எனக்கும் இப்போதைக்கு அதுதான் வசதி. கொஞ்சம் பொறுத்துக்கொள். இங்கே வேலை நெரிசல்.

இனி முக்கியச் செய்தி. நான் பியானோ கற்றுக்கொள்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு அறை. சொல்லிக்கொடுப்பவருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. நான் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறேன், பயத்தில். கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. எனக்கு முழங்கால் மேலே இடிக்கிறது. "அங்கிள், உங்க அப்பா அம்மா ஏன் உங்களைச் சின்ன வயசுல சேர்க்கல?" என்று ஒரு வாண்டு கேட்டது. என்ன சொல்வேன்? அப்போது வீட்டில் சத்தத்துக்கு நீயே போதுமாக இருந்தாய்.

வீட்டில் பழக ஒரு கீபோர்டும் வாங்கிவிட்டேன், மிக்சிக்கும் மின்விசிறிக்கும் நடுவே விற்கிறார்களே, அது. அறுபத்தொரு கட்டை. நிஜப் பியானோவுக்கு எண்பத்தெட்டாம். மீதி இருபத்தேழு வசதியுள்ளவர்களுக்கு இருக்கட்டும்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்காதே. ஆசை, அவ்வளவுதான். அத்தானுக்கு வணக்கம்.

உன் தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு ஆசிகள்.

அத்தானின் முதுகு தேவலை. கழற்றிய பிறகுதான் வெட்டினேன். என் கோபம் போன வாரம்வரை தணிந்துதான் இருந்தது. பிறகு உன் கடிதம் வந்தது.

அக்கா பல்லில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், தம்பி பியானோ வாசிக்கிறான். கேட்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? கேட்கிறவர்கள் கிடக்கட்டும், நான் என்ன சொல்வேன் என்று யோசித்தாயா?

விசில் என்று சாதாரணமாக எழுதிவிட்டாய். நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் தற்காலிகப் பல்லோடு ஒரே ஒரு நாள் மைக்கில் உட்கார்ந்தேன். "பயணிகள் சரியான சில்லறையுடன் சீக்கிரம் ஏறவும்" என்று எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். ஒவ்வொரு 'ச'வுக்கும் ஒரு விசில், துல்லியமாக. இரண்டாவது மேடையில் நின்ற பஸ்ஸின் டிரைவர், கண்டக்டர்தான் ஊதுகிறார் என்று வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டரோ டீக்கடையில். டீ கிளாஸோடு அவர் ஓட, அவர் பின்னால் பாதிப் பயணிகள் ஓட, டீக்கடைக்காரர் கிளாஸுக்காக ஓட, நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "நில்லுங்கள்" என்று அறிவிக்கலாம்தான். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

மேலாளர் நல்ல மனிதர். "மேடம், பல்லு வர்ற வரைக்கும் தொலைஞ்ச பொருள் மேசையில உக்காருங்க" என்றார். இப்போது குடைகளோடும் ஒற்றைச் செருப்புகளோடும் குடும்பம் நடத்துகிறேன். மைக்கில் கரகரப்பு உட்கார்ந்திருக்கிறார், டிக்கெட் கவுன்டரில் இருந்த அதே ஆள்தான். ஐந்து மணி பஸ் வந்துவிட்டது என்று அவர் சொன்னால் துக்கச் செய்தி மாதிரி இருக்கிறது. பெரியவர்கள் எழுந்து நிற்கிறார்கள். செப்டம்பரில் புது நேர அட்டவணை வருகிறது. அன்று மைக்கில் யார் உட்காருகிறாரோ, இனி அவர்தானாம். என் இருபத்திரண்டு வருஷத்துக் குரல் உன் கையில் இருக்கிறது.

வேறு ஆளிடம் கட்டிக்கொள்ளலாமே என்பார் அத்தான். மாட்டேன். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாகத் தோளில் கை போட்டதுபோல் ஏறி நிற்குமே, அது உனக்குத்தான் தெரியும். மற்றவர்கள் சீப்பு மாதிரி நேராக வைத்துவிடுவார்கள். அப்புறம் கண்ணாடியில் யாரையோ பார்த்து நான் தலை வார வேண்டும்.

ஆசைதானே என்றாய். ஐம்பத்தோரு வயதில் திடீரென்று வருகிற ஆசையில் எனக்கு நம்பிக்கை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் குடைகள், ஒற்றைச் செருப்புகள் உட்பட அனைவரும் நலமென்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் பிளாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். டீக்கடைக்காரர் ஓடுமிடம் வந்ததும் அவன் கலவைக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டான். கண்டக்டர் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்கச் சொன்னான்.

பியானோ நன்றாகப் போகிறது. வலது கை ஐந்து விரலும் படி ஏறி, படி இறங்கி, ஒரு சின்னப் பாட்டுவரை வந்துவிட்டன. பாட்டென்று நான் சொல்கிறேன். வீட்டுக்காரியைக் கேட்டால், "காலிங் பெல்லுன்னு போய்க் கதவைத் திறந்தேன்" என்கிறாள். இந்தக் கீபோர்டில் ஒரு பெரிய நன்மை, அக்கா. எந்த விரலால் தொட்டாலும் ஒரே சத்தம். ஓங்கி அடித்தாலும் சரி, பூ மாதிரி தொட்டாலும் சரி. பலசாலி, நோஞ்சான் வித்தியாசமே கிடையாது. போன வாரம் எல்லா விரலும் ஒழுங்காகச் சத்தம் கொடுத்ததைக் கேட்டு எனக்கு உண்டான சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆகவே சொல்லவில்லை.

நாளையே உன் பல்லில் கை வைக்கிறேன். மெழுகு எடுத்து வைத்தாயிற்று. அந்தத் தோளில் கை போட்ட பல்லையும் தேர்ந்தெடுத்தாயிற்று. இரண்டு வாரத்தில் பார்சல் வரும். கரகரப்பை டிக்கெட் கிழிக்கத் தயாராக இருக்கச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு ஆசிகள்.

இங்கு நலம். இரண்டு வாரம் என்றாய். ஐந்து வாரமாகிறது. பார்சலையும் காணோம், கடிதத்தையும் காணோம். கண்டக்டர் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ?

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். மெழுகில் உன் பல்லை அடுக்கினேன், சரியாக வரவில்லை. வெயில் காலத்தில் மெழுகு இளகிவிடும். விரலில் லேசாகச் சுட்டுக்கொண்டேன், அது ஒன்றுமில்லை. மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

அதை விடு. வீட்டுக்கு நிஜப் பியானோ வந்துவிட்டது!

அந்தக் கீபோர்டை டீச்சரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். இரண்டு கட்டையைத் தட்டிவிட்டு, "சார், இது உங்ககிட்ட பொய் சொல்லுது. மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் ஒரே சத்தம்னா, உங்க விரல் என்ன பண்ணுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கனமான கட்டை இருக்கறதா பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க" என்றார். நான் கூப்பிடவில்லை. இந்த வயதில் துணையோடு கடைக்குப் போவதா?

ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை. உடைந்த ஊஞ்சலுக்கும் துணி வைக்கும் அலமாரிக்கும் நடுவே அலமாரி உயரத்துக்கு ஒரு பியானோ நின்றது. மூடியைத் தூக்கினேன். அக்கா, என்ன வரிசை! எண்பத்தெட்டும் இருக்கின்றன. ஒன்றுகூட மூளியில்லை, மஞ்சளில்லை, ஆட்டமில்லை, இடைவெளி ஒரே அளவு. இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வாயை நான் பார்த்ததில்லை. சட்டைப்பையில் இருந்த சின்னக் கண்ணாடியால் ஓரங்களைக்கூடப் பார்த்தேன். கடைக்காரர், "பாக்கற விதத்துலயே தெரியுது, சார் விஷயம் தெரிஞ்சவர்" என்றார். விலையும் ரொம்பக் கொள்ளையில்லை. அங்கேயே முடித்துவிட்டேன்.

நான்கு பேர் தூக்கிவந்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. மேல்வீட்டு வக்கீல் கோட்டுப் போட்டுக்கொண்டு இறங்கிவந்தவர் அந்தப் பக்கமே நின்றுவிட்டார். வாய்தா நேரம். பியானோவுக்கு மேலாக எட்டி, கீழே நின்ற ஜூனியருக்கு வழக்கு முழுவதையும் சொல்லிக்கொடுத்தார். தூக்கிவந்த நான்கு பேருக்கும் அந்தச் சொத்துத் தகராறு இப்போது அத்துப்படி. கடைசியில் கைப்பிடியைக் கழற்றி ஏற்றினோம். வக்கீல் என்னோடு பேசுவதில்லை. வழக்கில் மட்டும் ஜெயித்துவிட்டாராம்.

சுருதி கூட்டுகிறவர் நாளை வருகிறார். எல்லோருக்கும் என் அன்பு.

உன் தம்பி


மே 15

தம்பிக்கு ஆசிகள்.

இங்கு நலம். அத்தான் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்து முதுகைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். பிறகு உன் மூன்று கடிதத்தையும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நான் இருபத்திரண்டு வருஷமாக வருகிற பஸ், போகிற பஸ் எல்லாவற்றையும் சொல்லிப் பழகியவள். எங்கள் நிலையத்தில் ஒரு பஸ்ஸைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றால், அது எங்கேயோ வழியில் நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். வருவதைச் சொல்வோம், தாமதத்தையும் சொல்வோம். நின்றுபோனதைச் சொல்ல மனசு வராது.

வலது கை படியேறியதை எழுதினாய். உன் முழங்காலை, வாண்டுகளை, வக்கீலின் கோட்டை, ஊரான் சொத்துத் தகராறைக்கூட எழுதினாய். பியானோவை இரண்டு கையாலும்தானே வாசிப்பார்கள்?

இடது கை எங்கேடா?

மெழுகு வெயிலில் இளகியது என்கிறாய். இருபத்தெட்டு வருஷமும் வெயில் காலம் வரவே இல்லையா?

அக்கா


மே 26

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமென்று நம்புகிறேன். உங்கள் தம்பி பதில் எழுத உட்காருகிறார், எழுந்துவிடுகிறார். அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு அவர் மாதிரி வேடிக்கையாக எழுத வராது.

அவருக்கு இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. வருஷக்கணக்காக முழங்கையை மேசையில் ஊன்றியே வேலை பார்த்ததால் அங்கே நரம்பு நசுங்கிவிட்டதாம். ஜனவரியில் ஆபரேஷன் ஆயிற்று. நல்லபடி முடிந்தது. விரல் திரும்பலாம், மாதங்கள் ஆகும், முழுசாகத் திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள். இரண்டு நாளில் அலுத்துப் பந்தைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டார். மூன்றாவது நாள் ஜெராக்ஸ் எடுக்கப் போனவர் மாடியில் சத்தம் கேட்டு ஏறிவிட்டார். பியானோ அப்படி வந்தது.

கீபோர்டில் எல்லா விரலும் சத்தம் கொடுத்ததும் குணமாகிவிட்டதென்று நம்பிவிட்டார். அடுத்த வாரமே உங்கள் பல்லை எடுத்தார். இடது கையில் அச்சைப் பிடித்துக்கொண்டு மெழுகை உருக்கியிருக்கிறார். உருகிய மெழுகு சுண்டுவிரலில் விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. பிளாஸ்டர்தான் பார்த்து இழுத்தார். அச்சு கீழே விழவில்லை, அதுவரை நல்லது. அன்று முதல் அவரை லேபில் பார்சல் கட்டும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். எழுதக்கூடாது என்று வாங்கவில்லை. நீங்கள் பல்லை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவீர்களோ என்று பயம். "அக்காவே நம்பலைன்னா இந்தக் கையை வேற யாரு நம்புவா?" என்றார்.

புதுப் பியானோ கதையை அவரே எழுதட்டும். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஜூன் 4

தம்பிக்கு ஆசிகள்.

உன் வீட்டுக்காரி எழுதிய கடிதம் வந்தது. அவளைத் திட்டினால் நேரில் வருவேன்.

அச்சைத் திருப்பி அனுப்பு, இங்கேயே கட்டிக்கொள்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உனக்குப் பாரம் குறையுமே என்று. பாதி எழுதிக் கிழித்துப் போட்டேன். பாரத்தை எடுத்துவிட்டால் அந்த விரலுக்கு என்ன வேலை? பார்சல் மேசையே போதுமென்று உட்கார்ந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா.

அதனால் கேட்டுக்கொள். அச்சு அங்கேயே இருக்கட்டும். நீயே கட்டு. மைக் போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன், போகக்கூடாது. செப்டம்பர் வரை நேரமிருக்கிறது. நீ அங்கே பார்சல் மேசை, நான் இங்கே தொலைந்த பொருள் மேசை. இரண்டு பேருமே நம் இடத்தில் இல்லை. உன் சுண்டுவிரல் இங்கே வந்து சேர்ந்தால் சீட்டு ஒட்டிப் பத்திரமாக வைக்கிறேன். உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இனிமேல் எதை வாங்கினாலும் டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. சாப்பிடு. தூங்கு.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை விசாரித்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன், இடது கை உட்பட.

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். சுருதி கூட்டுகிறவர் ஒரு பகல் முழுவதும் கூட்டினார். மறுநாள் காலை தொட்டால் அது குளிரில் நிற்கிற கிழவர்கள் கூட்டம் மாதிரி முனகியது. மறுபடி வந்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். கம்பிகளை இறுக்குகிற ஆணிகள் ஒரு பலகையில் நிற்கின்றன. அந்தப் பலகை நெடுக விரிசல். ஆணி பிடிக்காது, சுருதி நிற்காது. தினமும் எத்தனை பேரிடம் சொல்கிறேன், "பல்லு அழகை விடுங்க, ஈறு எப்படி இருக்குன்னு பாருங்க" என்று! அந்த நான், வெறும் பல்லைப் பார்த்துப் பியானோ வாங்கினேன். டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். காப்பாற்றியவர் வக்கீல். "கீழ என் ஆபீஸ் ரூம்ல வெச்சா கட்சிக்காரங்க மதிப்பாங்க. எவ்வளவு?" என்றார். "சத்தம் சரியா வராது சார்." "சத்தம் வராததுதான் வேணும்." கீழே இறக்கும்போது அதே திருப்பத்தில் மறுபடி மாட்டிக்கொண்டது. இந்தத் தடவை கீழே இறங்க முடியாமல் நின்றது நான்.

பிறகு டீச்சரம்மாவோடு போனேன். "பெரியவங்க ஆசையா ஆரம்பிச்சு மூணு மாசத்துல விட்டுடுவாங்க சார். அவங்க வீட்டுலதான் நல்ல பியானோ மலிவா கிடைக்கும்" என்றார். அப்படி ஒரு மருந்துக்கடைக்காரர். மின்சாரப் பியானோ, எண்பத்தெட்டுக் கட்டையும் கனம் வைத்தவை. விரலை எதிர்த்து நிற்கும், மெல்லத் தொட்டால் மெல்லத்தான் பேசும். சுருதி கூட்டும் செலவே இல்லை. டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக மெல்லவும் ஓங்கியும் அழுத்தினார். கீழே இருந்த பெடலையும் மிதித்துப் பார்த்தார். மேல்மூடியில் இஸ்திரிப்பெட்டியின் சூட்டுத் தழும்பு மட்டும்தான். "ரெண்டு வருஷமா இதுமேலதான் சட்டை தேய்க்கிறேன். நீங்க எடுத்துட்டுப் போயிட்டா நாளைக்கு நான் எங்க தேய்க்கறது?" என்று கேட்டார் மனிதர். புதிதாக வாங்கினால் ஆகிற விலையில் பாதிக்கு, ஒரு இஸ்திரி மேசையும் சேர்த்துக் கொடுத்துப் பேரம் முடிந்தது.

வீட்டில் வைத்து இடது கையை ஓட்டினேன். ஐந்து விரல், ஐந்து கட்டை. நான்குதான் கேட்டது. நான்காவதும் சளி பிடித்த மாதிரி. ஐந்தாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பொய்க் கீபோர்டில் கேட்ட சத்தமெல்லாம் கீபோர்டின் சத்தம். என்னுடையது இதுதான். அன்று சாப்பிடவில்லை என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலையில் அதே ஐந்து கட்டை. வீட்டுக்காரி சமையலறையில் இருப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை ஓட்டி முடித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இன்னைக்கு அஞ்சு கேட்டுது."

நான் திரும்ப ஓட்டினேன். "அஞ்சுதான்" என்றாள். கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. இரண்டு பேருமே போகவில்லை.

மறுநாள் லேபில் உன் அச்சை எடுத்தேன். இடது கையில் பிடித்து மெழுகை உருக்கினேன். ஒரு சொட்டு சுண்டுவிரலில் விழுந்தது. அக்கா, சுட்டது! "சுடுது! சுடுது!" என்று கத்தினேன். பிளாஸ்டர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து பார்த்தால் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வாளியைத் தலையிலேயே ஊற்றிவிட்டான்.

இத்துடன் மெழுகில் அடுக்கிய உன் பல். இன்னும் இறுதியில்லை. டாக்டரிடம் போய் வாயில் பொருத்தி, கண்ணாடியில் பார்த்து, அந்தச் சில்லறை வாக்கியத்தைச் சொல்லிப் பார். எந்த எழுத்தில் விசில் வருகிறதென்று மறைக்காமல் எழுது. மறைப்பதில் நம் குடும்பத்துக்கு அனுபவம் போதும்.

உன் தம்பி


ஆகஸ்ட் 1

தம்பிக்கு ஆசிகள்.

நலம். ரொம்ப நலம். கடிதத்தைப் படித்துவிட்டு அத்தான் வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தார். கண்ணில் தூசி என்றார். வீட்டுக்குள் வந்தும் தூசி போகவில்லை.

டாக்டர் பொருத்திவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார். அந்தப் பல் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறது. "இதை நேராக்கிடலாமா மேடம்?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

'சரியான' சுத்தம். 'சில்லறை' சுத்தம். 'சீக்கிரம்' என்றால் மட்டும் லேசாகக் காற்று கசிகிறது. பஸ் கிளம்பாது. சைக்கிள் கிளம்பலாம். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பல் இத்துடன், இறுதியாக.

'சீக்கிரம்' கசிந்ததற்குக் காரணம், முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் இருக்கிற மேடு பள்ளத்தை நான் வழுவழுவென்று விட்டிருந்தேன். நாக்கு எங்கே நிற்பதென்று தெரியாமல் வழுக்கியது. அங்கே அரிசி அகலத்தில் வரிவரியாக மேடு செதுக்கினேன். அச்சு அணுவளவும் அசையக்கூடாது. யார் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பார்சல் மேசையை இனிப் புதிதாக வந்தவர் பார்த்துக்கொள்வார். என் பழைய இடத்தில் முழங்கைக்குக் கீழே வைக்கப் பிளாஸ்டர் ஒரு பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறான். பூப்போட்டது. எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

டீச்சரம்மா முன்னால் இரண்டு கையாலும் ஒரு பாட்டு வாசித்தேன். அந்த வாண்டு, "அங்கிள், லெஃப்ட் கொஞ்சம் மெதுவா கேக்குது" என்றது. உண்மைதான், இன்னும் மெதுவாகத்தான். ஆனால் கேட்கிறது.

பல்லைப் போட்டதும் போன் பண்ணு.

உன் தம்பி


செப்டம்பர் 5

தம்பிக்கு ஆசிகள்.

இங்கே எல்லோரும் நலம். கரகரப்புகூட நலம், டிக்கெட் கவுன்டரில் சௌக்கியமாகக் கிழித்துக்கொண்டிருக்கிறார். "எனக்கும் பயமாத்தான் இருந்துது மேடம், எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க" என்று அவரே சொன்னார்.

புது அட்டவணையின் முதல் நாள். மேலாளர் பின்னாலேயே நின்றார். சக்கர நாற்காலியை எடுத்துவிட்டு நான்கு கால் நாற்காலி போட்டிருக்கிறார்கள். எல்லா மேடையிலும் பஸ் நிற்கிறது. அந்த இரண்டாவது மேடை டிரைவர் கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறார், கை கியரில். கண்டக்டர் டீயை வாங்காமலேயே ஓரமாகத் தயாராக நிற்கிறார்.

மைக்கைப் போட்டேன். "பயணிகள் சரியான சில்லறையுடன் சீக்கிரம் ஏறவும்" என்றேன்.

ஒரு பஸ்ஸும் நகரவில்லை.

டிரைவர் கியரிலிருந்து கையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். டீக்கடைக்காரர் கண்டக்டருக்கு அவர் கேட்காமலேயே டீ கொடுத்தார். நான் மைக்கை அணைத்துவிட்டுத்தான் அழுதேன். அவ்வளவு அனுபவம் இருக்கிறது எனக்கு.

இனிப் போனில் பேசலாம்தான். ஆனாலும் கடிதத்தை விட்டுவிடாதே. போனில் நீ பேசிப் பேசியே மறைத்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். போனைப் பியானோ மேல், அந்த இஸ்திரித் தழும்பு பக்கத்தில் வைத்துவிட்டு வாசி. வலது கை வேண்டாம், அதைப் பற்றி ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டேன்.

இடது கை மட்டும்.

அக்கா